கல்லாங்காட்டுப் பச்சையம்மாள்

டைப்ரைட்டர் ரிப்பன் வாங்க விழுப்புரம் போயிருந்தேன். திரும்பி வந்து திண்டிவனம் ஸ்டேஷனில் இறங்கியபோது பிளாட்பாரத்திலேயே மாணிக்கம் நின்றுகொண்டிருந்தார். கூட்டேரிப்பட்டு முனையில் சைக்கிள் கடை வைத்திருப்பவர், பச்சையம்மாளின் மருமகன். பட்டப்பகலில் கடையை மூடுகிற ஆள் அல்ல. கையில் கிரீஸ் கறை அப்படியே இருந்தது. “அத்த காலையில பூட்டாங்க ரைட்டரே. மல்லாட்டைக் கொல்லையில களை வெட்டிக்கினு இருந்தாங்க. கொஞ்சம் உக்கார்றேன்னு உக்காந்தாங்க, எழுந்திருக்கல” என்றார்.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். இன்னும் மூன்று வாரம் தாங்கியிருக்கக் கூடாதா என்று அந்த அம்மாள் மேலேயே கோபம். மூன்று வாரத்தில் விசாரணை அதிகாரி கல்லாங்காட்டை நேரில் பார்க்க வருவதாக இருந்தது. அந்த நிலம் யாருடையது என்பது அன்றைக்குத்தான் தீரும். அதற்குள் கண்ணை மூடிவிட்டார்.

இன்று பதினாறாம் நாள், கருமாதி. வருகிறவர்களுக்குக் கொடுக்க நாலு வரி எழுதித் தரச் சொல்லி அவர் மகள் அஞ்சலை கேட்டாள். வழக்கமாக இந்த மாதிரி தாளில் கறுப்புக் கட்டம் போட்டு, ஆன்மா சாந்தியடையட்டும் என்று எழுதி முடித்துவிடுவார்கள். பச்சையம்மாளின் ஆன்மா இப்போதைக்குச் சாந்தியடைவதாக எனக்குத் தெரியவில்லை. அடையவும் வேண்டாம். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன். சோறு ஆறினாலும் பரவாயில்லை, படித்துவிட்டுப் பந்தியில் உட்காருங்கள்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். திண்டிவனத்தில் தாலுகா ஆபீஸ் எதிரில் புங்கமரத்தடியில் மேஜை போட்டு மனு அடித்துக் கொடுப்பவன். இருபது வருஷமாக அதுதான் பிழைப்பு. போன வருஷம் ஒரு நாள் பச்சையம்மாள் மகளோடு வந்து என் முன்னால் நின்றார். பெயர் கேட்டேன், சொன்னார். புருஷன் பெயர் கேட்டேன். வாயைத் திறக்கவில்லை. மகளைத் திரும்பிப் பார்த்தார். “கன்னியப்பன்” என்று அஞ்சலை சொன்னாள். அவர் இறந்து எட்டு வருஷம் ஆகிவிட்டது என்றும் அவளே சொன்னாள்.

இது நமக்குப் புதிது அல்ல. நம் பக்கத்தில் எந்தப் பெண்பிள்ளை புருஷன் பெயரைச் சொல்கிறாள்? ரேஷன் கடை வரிசையில் பின்னால் நிற்பவள் சொல்வாள். கோயிலில் அர்ச்சனைக்குக் கூட வந்தவள் சொல்வாள். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்திருக்கிறோம். செத்த பிறகும் சொல்லக் கூடாது என்று எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறதோ தெரியாது, ஆனால் சொல்வதில்லை. பச்சையம்மாளுக்கு வந்த கேடும் அதிலிருந்துதான் வந்தது.

நிலப் பதிவேட்டைப் புதுப்பிக்க ஊருக்கு ஆள் வந்த அன்று நடந்ததை அவர் எனக்குச் சொன்னார். கல்லாங்காட்டு மேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இந்த நிலம் யார் பயிர் செய்வது என்று கேட்டிருக்கிறார்கள். “நாந்தாங்க” என்று சொல்லியிருக்கிறார். புருஷன் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அஞ்சலை கூட்டேரிப்பட்டில் இருந்தாள். பக்கத்தில் நின்றது கொழுந்தன் ஏழுமலை. அவரைக் காட்டி, “அவரு தம்பிதான், அவரு சொல்லுவாரு” என்று சொல்லிவிட்டு, பெயர் சொல்கிற இடத்தில் நிற்பது மரியாதை இல்லை என்று வேர்க்கடலைச் செடியிலிருந்து மல்லாட்டை ஆய்கிற ஆட்களிடம் போய்விட்டார். ஏழுமலை அண்ணன் பெயரைச் சொல்லவில்லை. தன் பெயரைச் சொன்னார். புதுப் பட்டாவும் அவர் பெயரிலேயே வந்துவிட்டது.

கதையைக் கேட்டுவிட்டு நான் ஒரு தப்பு செய்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும். “சொந்தக் கொழுந்தன்தான, சமாதானமா போயிடுங்களேன், வயசான காலத்துல எதுக்கு இந்தப் பேஜாரு” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “மனு அடிக்கத் தெரியுமா, புத்தி சொல்லத்தான் தெரியுமா? புத்திக்கு எங்க ஊர்லயே ஆள் இருக்குது” என்றார். நான் பேப்பரைச் சொருகினேன்.

வழக்கப்படி ஆரம்பித்தேன். அடித்து முடித்ததை உரக்கப் படித்துக் காட்டினேன். “மனுதாரர் ஆதரவற்ற ஓர் ஏழை விதவை, அபலை” என்ற இடத்தில் கையை நீட்டி நிறுத்தினார்.

“அபலைன்னா இன்னா?”

“கதியில்லாதவங்கன்னு அர்த்தம்மா. அப்டிப் போட்டாத்தான் மேல இருக்கறவங்களுக்கு மனசு எறங்கும்.”

“யாருக்குக் கதியில்ல? கல்லாங்காட்டுல வெட்டின கெணறு இருக்குது, நட்ட வேம்பு இருக்குது. கதியில்லாதவ வந்து பிச்ச கேக்கறான்னு நெனைச்சிக்குவாங்க. அத அடிச்சிடுங்க. ஏழைய வேணா வெச்சிக்குங்க, அது நெசம்.”

அடித்தேன். எரிச்சலோடுதான் அடித்தேன். இருபது வருஷத்தில் எத்தனை அபலைகளை நான் உற்பத்தி செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒருத்தியும் அதற்கு அர்த்தம் கேட்டதில்லை.

பிறகு அவர் கேட்டதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. நிலம் தன்னுடையது என்று ஒரு வரியில் சொன்னால் எவன் நம்புவான், முதலிலிருந்து எழுதுங்கள் என்றார். மனுவுக்கு ஒன்றரைப் பக்கம் போதும் என்று சொல்லிப் பார்த்தேன். “அவன் பேர் ஒரு வரிதான் இருக்குது பட்டாவுல. எனக்கு ஒரு வரி பத்தாது” என்றார். மூன்று மத்தியானம் புங்கமரத்தடியில் உட்கார்ந்து சொன்னார், நான் அடித்தேன். பதினோரு பக்கம் வந்தது. குடும்பக் கதை என்று பெரிய மனிதர்கள் எழுதி வைத்துக்கொள்வார்களே, பட்டம், பதவி, மகன், பேரன் என்று. இதுவும் குடும்பக் கதைதான். முள், கல், தண்ணீர், பிள்ளை என்று போயிற்று.

அவர் பிறந்தது மண்டகப்பட்டு. குகைக் கோயில் பாறைக்குப் பின்னால் ஆடு மேய்த்து வளர்ந்தவர். பதினைந்து வயதில் வல்லத்துப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். வந்த மறுவருஷம் அண்ணன் தம்பிக்குள் வாய்வார்த்தையாகப் பாகம் பிரிந்தது. ஏரித் தண்ணீர் பாய்கிற நஞ்சை ஏழுமலைக்கு. ஊரை விட்டுத் தள்ளி, ஆடுகூட ஒதுங்காத கல்லாங்காடு கன்னியப்பனுக்கு. கன்னியப்பன் சாது, பதில் பேசவில்லை. “அவரு தலைய தொங்கப் போட்டுக்கினு வந்தாரு. நாந்தான் சொன்னேன், நான் மண்டகப்பட்டுக்காரி, கல்லு எனக்குப் புதுசில்லன்னு” என்றார். சொல்லும்போது அந்த வயதிலும் முகத்தில் ஒரு திமிர் இருந்தது. அந்தத் திமிர் எனக்கு ரொம்பப் பிடித்தது.

இருவரும் ஊரை விட்டு வந்து அங்கேயே பனையோலைக் குடிசை போட்டுக்கொண்டார்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இன்னொரு வீடு கிடையாது. சூரைமுள்ளும் காரைமுள்ளும் ஆள் உயரத்துக்கு. வெட்டி, வேரைக் கல்லி, எரித்து, பிறகு கல் பொறுக்க ஆரம்பித்தார்கள். ஒரு மழை பெய்தால் அடியிலிருந்து புதுக் கல் மேலே வரும். மறுபடி பொறுக்குவார்கள். இன்றைக்கு அந்த நிலத்தைச் சுற்றி இடுப்பு உயரத்துக்குக் கல்வரப்பு இருக்கிறதே, நீங்கள் எல்லாரும் அதன்மேல் உட்கார்ந்து பீடி பிடித்திருக்கிறீர்கள், அது முழுக்க அந்த அம்மாள் கூடையில் சுமந்து போட்ட கல்.

கிணறு வெட்டினார்கள். கன்னியப்பன் கீழே கடப்பாரையோடு, இவர் மேலே கயிற்றோடு. மண்ணையும் கல்லையும் கூடை கூடையாக இழுத்துக் கொட்டவேண்டும். வயிற்றில் அஞ்சலை எட்டு மாதம். தண்ணீர் ஊறிய வாரத்திலேயே பிள்ளையும் பிறந்தது. “இவ சின்ன வயசுல கேப்பா, நான் மொதல்ல வந்தேனா, தண்ணி மொதல்ல வந்துச்சான்னு. தண்ணிதாண்டி மொதல்லன்னு சொல்லுவேன். அதுக்கு ஒரு நாள் பூரா மூஞ்சத் தூக்கி வெச்சிக்குவா” என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்திலிருந்த அஞ்சலையும் சிரித்தாள்.

கன்னியப்பன் கரும்பு வெட்டப் போனால் வர மூன்று நான்கு மாதம் ஆகும். அந்தக் குடிசையில் கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாக இருந்தார். காட்டுப்பன்றி மல்லாட்டையைக் கிண்டாமல் இருக்க மண்ணெண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டே வரப்பைச் சுற்றி வருவார். ஊருக்குள் வந்து இருந்துகொள் என்று ஏழுமலை வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்களாம். “நான் ஊருக்குள்ள போனா பன்னியா கொல்லைய பாத்துக்கும்?” என்று கேட்டு அனுப்பினாராம்.

இரண்டு ஆண்பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. ஒன்று பிறந்த மூன்றாம் நாள், ஒன்று நடக்கப் பழகிய பிறகு ஜுரத்தில். ஜுரம் வந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வைத்தியத்துக்கு ஓடினார். வண்டிப்பாதையை எட்டுவதற்குள் முடிந்துவிட்டது. இரண்டையும் வடக்கு வரப்பு ஓரம், வேப்பமரத்துக்கு அடியில் புதைத்தார்கள். இந்த இடத்தில் நான் அடிப்பதை நிறுத்திவிட்டேன். அவர் நிறுத்தவில்லை. “ஏன் நின்னுட்டீங்க, அடிங்க. அதுங்களும் அங்கதான இருக்குது” என்றார். நான் மூக்கைச் சிந்திவிட்டு அடித்தேன். இதை எழுத எனக்கு வெட்கம் இல்லை.

மனு கொடுத்து வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஒவ்வொரு தடவையும் ஏழுமலைக்கு உடம்பு சரியில்லாமல் போய்விடும். முதலமைச்சர் இறந்து பஸ், கடை எல்லாம் நின்றுபோன வாரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த வாரத்தில் ஒரு வாய்தா. ஆபீஸ் திறக்காது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் சும்மா காலாற அந்தப் பக்கம் போனேன். பூட்டிய கேட்டின் முன்னால் பச்சையம்மாள் உட்கார்ந்திருந்தார். கோழி கூப்பிடக் கிளம்பி நடந்தே வந்திருக்கிறார். கால் வீங்கியிருந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. “அறிவிருக்குதா உங்களுக்கு? நாடே மூடிக் கெடக்குது” என்று கத்திவிட்டேன்.

“இருக்கட்டும். வாய்தான்னா வாய்தா. நான் வரலன்னு நாளைக்கு ஒரு எழுத்து எழுதிடக் கூடாதில்ல. நான் வந்ததுக்கு நீங்க சாட்சி” என்றார் நிதானமாக. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் மனைவி அவர் காலுக்கு வெந்நீர் ஊற்றினாள். கேப்பைக் கூழ் குடித்துவிட்டு, எவ்வளவு சொல்லியும் கேட்காமல் மறுபடி நடந்தே போனார்.

பொங்கல் கழித்து ஒருவழியாக விசாரணை நடந்தது. ஏழுமலை வெள்ளை வேட்டியில் வக்கீலோடு வந்திருந்தார். பட்டா எங்கள் பெயரில் இருக்கிறது, அண்ணன் பெண்டாட்டி என்று பாவம் பார்த்துக் குடியிருக்க விட்டோம், ஆண்வாரிசும் இல்லாத குடும்பம் என்று வக்கீல் பேசினார். அதிகாரி நல்ல மனிதர்தான், ஆனால் அவசரத்தில் இருந்தார். காகிதத்தைப் புரட்டிக்கொண்டே, “உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா?” என்று கேட்டார்.

அஞ்சலை வாயைத் திறந்தாள். பச்சையம்மாள் கையை நீட்டி அவள் வாயைப் பொத்தினார். அறையில் இருந்த எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

“கன்னியப்பன்” என்றார். “கோவிந்தன் மூத்த மகன் கன்னியப்பன். அவரு பொண்டாட்டி நான், பச்சையம்மா. நல்லா கேட்டுச்சுங்களா, இன்னொரு வாட்டி சொல்லட்டுமா?”

ஏழுமலைக்குப் பொறுக்கவில்லை. “செத்த புருஷன் பேர சபையில சொல்றா பாரு, வெக்கங்கெட்டவ” என்றார்.

“அவரு பேர நான் சொல்லாததனாலதான நீ உன் பேர சொன்ன?” என்று கேட்டுவிட்டு அதிகாரியிடம் திரும்பினார். “சாமி, அங்க வேப்பமரத்தடியில எம்புள்ளைங்க ரெண்டு இருக்குது. எவனாவது அடுத்தவன் கொல்லையில தன் புள்ளைய பொதைப்பானா? இவரு வூட்டுப் புள்ள ஒண்ணு அங்க இருந்தா காட்டச் சொல்லுங்க, நான் இப்பவே எழுந்து போயிடறேன்.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பதினோரு பக்கத்தையும் அப்போதுதான் முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார். படித்து முடித்து, நானே நேரில் வந்து பார்க்கிறேன், அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்களைக் கேட்கிறேன் என்று தேதி போட்டார்.

வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தேன். “சொன்னா ஆயுசு கொறையும்னாங்க. சொல்லாமயே பூட்டாரு. இத்தினி வருஷம் சும்மா கம்முனு இருந்துட்டேன் பாருங்க” என்றார். பிறகு, வானத்தை அண்ணாந்து பார்த்து, “ஒண்ணும் இடிஞ்சி வுழல, அப்படியேதான் கீது” என்றார். அஞ்சலை சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை, அழுதார். நான் அவர் அழுது பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அடக்கத்தன்று நடந்ததை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். வேப்பமரத்தடியில் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் குழி வெட்ட அஞ்சலை சொன்னாள். ஏழுமலை குறுக்கே வந்து நின்று, “கேஸ் நடக்கிற நெலம், இங்க எப்டிப் பொதைப்பீங்க, சுடுகாடு இன்னா ஆச்சு?” என்றார். அஞ்சலை தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, “சித்தப்பா, இது எங்கம்மா கல்லு பொறுக்கின கொல்லை. தடுக்கணும்னா நீ வந்து இந்தக் குழியில படு. மேல மண்ணத் தள்ளிட்டு நாங்க வேற குழி வெட்டிக்கறோம்” என்றாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

உங்களில் நான்கு பேர் மண்வெட்டி எடுத்தீர்கள். பெயர் சொல்லமாட்டேன், அவர்களுக்குக் கோடி புண்ணியம். மற்றவர்கள் கல்வரப்புக்கு அந்தப் பக்கம் நின்றீர்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். ஏழுமலை மோட்டார் போட்டால்தான் உங்கள் பயிருக்குத் தண்ணீர். பச்சையம்மாளுக்கும் அது தெரியும். ஒரு தடவை நான் உங்களைத் திட்டியபோது, “அவங்கள வையாதீங்க ரைட்டரே, தண்ணி வேணுமில்ல” என்றார். அவர் பெரிய மனது. நான் அப்படி இல்லை. நான் திட்டுகிறேன். பன்றி விரட்ட டின் தட்டிய சத்தம் உங்கள் கொல்லைக்கும்தான் கேட்டது. உங்கள் மல்லாட்டையும் அதனால்தான் பிழைத்தது.

அம்மா ஞாபகமாக ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று அஞ்சலை என்னிடம் அவருடைய பெட்டியைத் திறந்து காட்டினாள். நான் எதையும் எடுக்கவில்லை. எனக்கு அவரிடமிருந்து கிடைத்தது அவருடைய கோபம். “தாழ்மையுடன்” என்று ஆரம்பித்துத் “தாழ்மையுடன்” என்று முடித்தே என் கழுத்து வளைந்துபோயிருந்தது. இப்போது என் மேஜைக்கு வருகிற பெண்களிடம், முதலில் நீ என்ன செய்தாய் என்று சொல்லு, உன்னை என்ன செய்தார்கள் என்பதைப் பிறகு எழுதலாம் என்கிறேன். நேரம் ஆகிறது, வரிசை நீள்கிறது, ஆகட்டும்.

வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி கல்லாங்காட்டுக்கு வருகிறார். கேஸ் போட்டவள் போய்விட்டாள், கேஸும் போய்விட்டது என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்களாம். போகவில்லை. அஞ்சலையை வாரிசாகச் சேர்த்து மனு கொடுத்தாகிவிட்டது. அந்த மனுவில் ஒரு இடத்தில்கூட நான் கெஞ்சவில்லை. அதிகாரி வரப்பில் நின்று உங்களைக் கேட்பார், இந்த நிலத்தை யார் திருத்தியது என்று. புருஷன் பெயரைச் சபையில் சொல்ல அந்த அம்மாளுக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அவருடைய பெயரைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கத்தான் திங்கட்கிழமை நான் வருகிறேன்.